கண்ணுக்கென்று எழுதியதைக் கத்தரிக்கலாமா?

ஒரு பெரிய வங்கியோ, ஆஸ்பத்திரியோ, பிரயாணச் சீட்டு விற்கும் ஸ்தாபனமோ தன் காரியங்களை நடத்துவதற்கு வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே கட்டடத்தில் இருப்பதில்லை. சில மும்பையில் இருக்கும், சில சிங்கப்பூரில் இருக்கும், மற்றவை எந்தத் தேசத்தில் இருக்கின்றன என்பது அவற்றைப் பராமரிக்கும் உத்தியோகஸ்தருக்கே சில சமயம் தெரியாது. அவர் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்தபடியே, முப்பது நாற்பது வரிகளில் எழுதிய ஒரு ஸ்கிரிப்டை ஏவிவிடுகிறார். அது ஒவ்வொரு சர்வரிலும் புகுந்து, டிஸ்க்கில் இடம் எவ்வளவு மிச்சம், ஓட வேண்டியவை எல்லாம் ஓடுகின்றனவா, நேற்றிரவு எடுக்க வேண்டிய பிரதி எடுத்தாகிவிட்டதா என்றெல்லாம் விசாரித்து, வந்த பதிலை வரி வரியாகவும், வரியைச் சொல் சொல்லாகவும் பிளந்து, வேண்டியதை மட்டும் பொறுக்கி, விடிவதற்குள் ஓர் அட்டவணையாக்கி வைத்துவிடுகிறது. இந்தப் பிளக்கும் வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இது கம்ப்யூட்டர்காரர்களின் சொந்த விவகாரம் என்று நினைத்து வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நமது பணத்துக்கும் பரிசோதனை முடிவுகளுக்கும் பயணச் சீட்டுக்கும் காவலாக இருக்கும் யந்திரங்கள் சௌக்கியமா என்று முதலில் விசாரிப்பது இந்த ஸ்கிரிப்டுகள்தான். அவை தப்பாகப் பிளந்தால், மனிதர்கள் தப்பாகவே அறிந்துகொள்வார்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளப்பதில் பிழை ஒன்றுமில்லை. இன்ன வடிவத்தில்தான் தருவேன் என்று எவரும் வாக்குக் கொடுக்காத ஒன்றை, மனிதர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கென்று அழகாக அடுக்கி வைத்த ஒன்றை, யந்திரத்தின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து வெட்டச் சொல்லி, வெட்டி எடுத்ததன்மேல் நிரந்தரமான ஏற்பாடுகளைக் கட்டுகிறோமே, அதில்தான் பிழை இருக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். டிஸ்க்கில் மிச்சமுள்ள இடத்தைக் காட்ட யூனிக்ஸ் வம்சத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் 'டிஎஃப்' என்றொரு கட்டளை உண்டு. லினக்ஸில் அது ஆறு பத்திகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தரும்: டிஸ்க்கின் பெயர், மொத்த அளவு, செலவானது, மிச்சம், செலவின் சதவிகிதம், அது எந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற விவரம். கண்ணால் பார்ப்பவருக்கு இதில் எந்தச் சந்தேகமும் எழாது. ஆனால் இடைவெளி கண்ட இடத்தில் வெட்டு என்று ஸ்கிரிப்டுக்குச் சொன்னால், கீழே உள்ள வரிகள் ஆறு துண்டுகளாகவும், தலைப்பு வரி மட்டும் ஏழு துண்டுகளாகவும் விழுகின்றன. ஏனென்றால் கடைசிப் பத்தியின் ஆங்கிலத் தலைப்பு 'மவுன்டட் ஆன்' என்று இரண்டு சொல்லாக இருக்கிறது. இது சின்னச் சிரமம். தலைப்பை ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. பொருத்திய இடத்தின் பெயருக்கு நடுவே யாராவது இடைவெளி விட்டிருந்தால் அந்த வரியும் ஏழாகும். அதற்கும், ஐந்து முறைக்குமேல் வெட்டாதே என்று பைத்தான் மொழியிடம் சொல்லிவிட்டால் கடைசித் துண்டு முழுசாக நிற்கும்.

பெரிய சிரமம் வேறு இடத்திலிருந்து வருகிறது. நெட்வொர்க் வழியாகப் பொருத்தப்படும் டிஸ்க்குக்குப் பெயர் நீளமாக இருக்கும்: சேமிப்புக் கம்ப்யூட்டரின் பெயர், அதற்குப் பின் ஒரு முக்காற்புள்ளி, அதற்குப் பின் அங்கேயுள்ள பாதை. பழைய லினக்ஸ்களில் இந்தப் பெயர் தன் பத்திக்குள் அடங்காவிட்டால், மற்றப் பத்திகள் நேராக நிற்க வேண்டுமே என்ற கரிசனத்தினால், டிஎஃப் கட்டளை பெயரை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டு மீதி ஐந்தையும் அடுத்த வரியில் எழுதும். ஐந்தாவது துண்டு 90-க்கு மேற்பட்டால் எச்சரிக்கை செய் என்று பெர்ல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் இந்த இரண்டு வரிகளையும் எப்படிப் படிக்கும்? முதல் வரியில் ஐந்தாவது துண்டே கிடையாது. இல்லாததைப் பெர்ல் பூஜ்யம் என்று கொள்ளும். இரண்டாவது வரியில் ஐந்தாவது துண்டு சதவிகிதம் அல்ல, டிஸ்க் பொருத்தப்பட்ட பாதையின் பெயர். எண்ணாக இல்லாத அதையும் பெர்ல் பூஜ்யம் என்றே கொள்ளும். பூஜ்யம் 90-ஐவிடச் சிறியது. ஆகவே எல்லாம் க்ஷேமம்! எல்லோருக்கும் பொதுவான அந்தப் பெரிய டிஸ்க் 99 சதவிகிதம் நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தாலும், காலை அட்டவணையில் அதற்கு நேரே குறை ஒன்றும் இராது. இதே ஸ்கிரிப்டைப் பைத்தானில் எழுதியிருந்தால், முதல் வரியிலேயே, ஐந்தாவது துண்டு எங்கே என்று கேட்டுத் தடாலென்று விழுந்திருக்கும். விழுந்ததை யாராவது கவனித்திருப்பார்கள். சத்தம் போட்டு விழுகிற ஸ்கிரிப்டையே நான் யோக்கியமானது என்பேன்.

இதற்குப் பரிகாரம் எப்போதுமே கைவசம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. டிஎஃப் கட்டளையோடு பெரிய எழுத்து 'பி' என்ற ஒரு குறியைச் சேர்த்துக் கேட்டால், போசிக்ஸ் என்னும் பொது நியதிப்படி ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி என்ற வாக்குறுதியோடு பதில் வரும். ஓர் எழுத்துதான். அந்த எழுத்தைத் தெரிந்துகொள்ளாமல், மடங்கிய வரிகளை மறுபடி ஒட்டவைக்கும் சாமர்த்தியமான யுக்திகளைக் கண்டுபிடித்தவர்கள் அநேகர். அந்த யுக்திகளைப் பாராட்டியவர்கள் அவர்களைவிட அநேகர்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதன் பிறப்பு கௌரவமானதே. 1969-இல் நியூ ஜெர்சியின் முர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். ஒரு நிரலின் விளைவை இன்னொரு நிரலுக்குள் நேரே செலுத்த வழி வேண்டும் என்று 1964-லேயே எழுதி வைத்திருந்த டக்ளஸ் மக்கில்ராயின் விருப்பம் 1973-இல் 'பைப்' என்ற பெயரில் அதில் நிறைவேறியது. நிரல்களுக்குள் பொதுவான பாஷையாக அவர்கள் தேர்ந்தெடுத்தது சாதாரண எழுத்து வரிகளை. மனிதன் படிக்கும் வரியையே யந்திரமும் படிக்கும். ஆகையால் எந்த இடத்திலும் புகுந்து என்ன ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். 1977-இல் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிஹான் மூவரும் செய்த 'ஆக்' மொழி வரிகளைத் துண்டுகளாக்குவதையே தன் பிரதான தொழிலாகக் கொண்டது; 1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் அதே தொழிலில் கொடி நாட்டியது. இந்தப் பரம்பரை இல்லாவிட்டால் இன்றைய இண்டர்நெட்டின் பாதி நிர்வாகம் நடந்திராது என்பதை நான் மறுக்கவில்லை.

மறுப்பது வேறொன்றை. எழுத்து வரி என்பதாலேயே அது நிலையற்றதாகிவிடுவதில்லை. யூனிக்ஸில் உபயோகிப்பவர்களின் ஜாபிதா ஒன்று உண்டு. அதில் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு பகுதிகள். அரை நூற்றாண்டாகியும் அந்த அமைப்பு அசையவில்லை. அதன் ஐந்தாவது பகுதிக்கு இன்றைக்கும் 'ஜீகாஸ்' என்றுதான் பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் அச்சு வேலைகளுக்கு உபயோகித்த வேறொரு பெரிய கம்ப்யூட்டரின் இயங்குதளம் அது. அந்தக் கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் லினக்ஸ் வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த ஜாபிதாவைப் பிளப்பவருக்குப் பயமில்லை. இங்கே வாக்குறுதி இருக்கிறது. டிஎஃப் காட்டும் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள பேதத்தைப் பயிற்சி நிலையங்களில் எவரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே பாடத்தில், ஒரே 'ஸ்பிளிட்' என்ற கருவியைக் கொண்டு வெட்டக் கற்றுத் தருகிறார்கள்.

உள்ளூரில் இவ்வளவு என்றால், கட்டளை தொலைவில் நடக்கும்போது சங்கடங்கள் பெருகுகின்றன. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாட்டு யுலோனன் எழுதிய எஸ்எஸ்எச் என்ற ஏற்பாடுதான் இன்று தொலைக்கட்டளைகளுக்கெல்லாம் ராஜபாட்டை. ரகசியத்தை அது நன்றாகக் காக்கிறது. ஆனால் பதிலின் வடிவத்தைக் காப்பது அதன் வேலையல்ல.

நிரல் ஒன்று பேசுவதற்கு யூனிக்ஸில் இரண்டு வாய்கள் உண்டு: ஒன்று பதிலுக்கு, மற்றொன்று முறையீட்டுக்கு. இந்த இரண்டாவது வாய் ஆதியில் இல்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் புகைப்பட முறையில் எழுத்துக் கோக்கும் யந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் காகிதத்தை நாற்றமடிக்கும் ரசாயனங்களில் கழுவி எடுத்தால்தான் எழுத்துத் தெரியும். அப்படிக் கழுவி எடுத்துப் பார்த்தபோது, கட்டுரைக்குப் பதிலாக, கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி மிக லட்சணமான எழுத்தில் அச்சாகியிருந்ததாம். ஆத்திரம் தாங்காமல் எல்லோரும் கூச்சல் போட்டதில், முறையீட்டுக்கென்று தனி வழி பிறந்தது. எஸ்எஸ்எச்சும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு டெர்மினல் இருப்பதாகப் பாவனை செய்யும்படி நாம் கேட்டுக்கொண்டால் (கடவுச்சொல் கேட்கும் கட்டளைகளுக்காகப் பலர் அப்படிச் செய்கிறார்கள்), இரண்டும் அங்கேயே கலந்துவிடுகின்றன. இரண்டு வாய்க்கால் தண்ணீரை ஒரு மடையில் விட்ட பிறகு எது எந்த வாய்க்காலுடையது என்று கேட்பதில் பயனில்லை. போதாததற்கு ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத 'கேரேஜ் ரிட்டர்ன்' என்ற குறியொன்று ஒட்டிக்கொண்டு வரும். வரி முடிவில் வெட்டியபின் கடைசித் துண்டில் அது தங்கிவிட, திரையில் 'ஓகே' என்று தெரிகிற சொல் 'ஓகே' என்ற சொல்லோடு பொருந்தாமல் போக, எழுதியவர் இரவெல்லாம் கண்ணைத் தேய்த்துக்கொள்வார்.

வெட்டும் இடம் நம் கையில் இல்லாமலே போவதும் உண்டு. நெட்வொர்க்கில் வருவது வரிகள் அல்ல, பைட்டுகளின் பிரவாகம்; பைத்தானில் தொலைக்கட்டளைகளுக்கென்று உள்ள பாரமிக்கோ என்ற நூலகத்தில், 1024 பைட்டுகளுக்கு மேற்படாமல் கொடு என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்குவது வழக்கமாயிருக்கிறது. வந்த துண்டு வரியின் நடுவில் முடியலாம், எழுத்தின் நடுவிலும் முடியலாம். ஆங்கிலம் மட்டும் பேசும் சர்வரோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு இரண்டாவது ஆபத்து தெரியவே தெரியாது, ஏனெனில் அவர்களுடைய எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். 1992-இல் தாம்ஸனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'மதுரை' என்ற மூன்றெழுத்துச் சொல், துணைக்குறிகளையும் சேர்த்து ஐந்து குறியீடுகளாகி, பதினைந்து பைட் பிடிக்கிறது. 1024-ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். எனவே இடைவிடாத தமிழ் எழுத்தை 1024 பைட்டில் வெட்டினால், 342-ஆவது குறியீட்டின் மூன்றில் ஒரு பங்கு இந்தத் துண்டிலும் இரு பங்கு அடுத்த துண்டிலுமாகப் பிளந்து கிடக்கும். துண்டு துண்டாகவே எழுத்தாக மாற்றப் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று தடுமாறி நிற்கும், அல்லது கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போகும். தமிழ்ப் பெயர்கள் நிறைந்த கோப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்தக் கறுப்பு வைரங்களைக் காண்கிறவர்கள், குற்றத்தைத் தமிழ் எழுத்துருவின் தலையில் போடுகிறார்கள். பைட்டுகளை முழுவதும் சேர்த்த பிறகு எழுத்தாக்கு, எழுத்தாக்கிய பிறகு வரியாக்கு, வரியாக்கிய பிறகு சொல்லாக்கு என்ற வரிசை மாறாவிட்டால் இந்தக் கோளாறு வராது.

இன்னும் சிலவற்றைத் தொட்டுக்காட்டிவிட்டு மேலே போகிறேன். சர்வரில் நுழைகிறவருக்கு நல்வரவு கூறும்படி யாராவது அதன் ஆரம்பக் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அந்த நல்வரவு தொலைக்கட்டளையின் பதிலுக்கு முன்னால் வந்து நின்று முதல் வரியைக் கெடுக்கலாம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற நிரல், உன் ஷெல் (கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரல்) சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். டெபியன் லினக்ஸில் எஸ்எஸ்எச் நம்முடைய பாஷை அமைப்பையும் கூடவே எடுத்துப்போகும். ஜெர்மன் அமைப்போடு கேட்டால் ஒன்றரை என்பது தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியோடு திரும்பி வரும். பைத்தானிலேயே, வெற்றுப் பதிலை வரிமுடிவுக் குறியால் பிளந்தால் விடை பூஜ்யம் துண்டு அல்ல, ஒரு வெற்றுத் துண்டு. எண்ணிப் பார்க்கிறவர் ஒன்று என்றே எண்ணுவார்.

எல்லாவற்றிலும் விபரீதமானது மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது. தொலைவிலுள்ள சர்வர் பதிலே சொல்லவில்லை என்றால் எஸ்எஸ்எச் 255 என்ற எண்ணைத் திருப்பித் தரும். ஆனால் அதன் விளைவை நேரே ஆக் மொழிக்குள் பைப் வழியாகச் செலுத்தியிருந்தால், ஷெல் பார்ப்பது கடைசி நிரலின் எண்ணைத்தான். வெட்டுவதற்கு ஒன்றுமில்லாத ஆக், தன் வேலை முடிந்தது என்று பூஜ்யம் சொல்லும். நிரம்பிய டிஸ்க்குகள் எத்தனை? ஒன்றுமில்லை. செத்துப்போன சர்வர் ஆரோக்கியமான சர்வர்களின் ஜாபிதாவில் சேர்ந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டால், இரு தரப்பையும் சொல்வேன், ஆனால் சமமாக அல்ல. 'இஃப்கன்ஃபிக்' என்ற கட்டளை நெட்வொர்க் முகவரிக்கு முன்னால் வெகுகாலம் 'அட்டர்' என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் போட்டு வந்தது. பிறகு வந்த பதிப்பில் அவை இல்லை. 2014-இல் வெளியான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 7-ஆம் பதிப்புக்கு மாறியவர்களின் ஸ்கிரிப்டுகள் முகவரியைக் காணாமல் தவித்தன. மாற்றியவர்களைத் திட்டித் தீர்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கட்டளை அவர்களுக்கு எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. கண்ணுக்கு இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று திருத்தினார்கள். கண்ணுக்கென்று எழுதியதைத் திருத்துவதற்கு அவர்களுக்குப் பூரண சுதந்திரம் உண்டு. ஆகவே பெரும்பங்கு பொறுப்பு, கேளாமல் நம்பியவரையே சேரும்.

மற்றொரு பங்கு, யந்திரமும் படிக்கும் என்று தெரிந்தும் கண்ணுக்கு மட்டுமே எழுதுகிறவரைச் சேரும். இந்தக் குறை நெட்வொர்க் சாதனங்களை விற்பவர்களிடம் வெகுநாள் நீடித்தது. 1990-இல் அமெரிக்க அரசாங்கத்தின் அளவை நிறுவனத்திலிருந்து டான் லைப்ஸ் வெளியிட்ட 'எக்ஸ்பெக்ட்' என்ற கருவி, மனிதனைப்போல் உட்கார்ந்து, திரையில் இன்ன சொல் தோன்றினால் இன்ன சொல்லைத் தட்டு என்று ரூட்டர்களோடு சம்பாஷணை நடத்திக் கொடுத்தது. அற்புதமான கருவிதான், ஆனால் ரூட்டரின் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அந்தச் சம்பாஷணையைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 2002-இல் இண்டர்நெட் கட்டமைப்புக் குழுவினர் கூட்டிய ஒரு கலந்துரையாடலில் நெட்வொர்க் நடத்துபவர்கள் தங்கள் குறைகளைக் கொட்டியதன் பலனாக, 2006-இல் நெட்கான்ஃப் என்னும் நியதி வெளிவந்தது. அதில் ஒரு சுவாரஸ்யமான அத்தியாயம் இருக்கிறது. பதில் எங்கே முடிகிறது என்று காட்ட, இரண்டு சதுர அடைப்பும் ஒரு கோணக்குறியும், திரும்பவும் அதே மூன்றுமாக, ஆறு எழுத்து முத்திரை ஒன்றை அவர்கள் வைத்தார்கள். அது பதிலின் நடுவே ஒருபோதும் தோன்றாது என்பது எண்ணம். ஆனால் பதிலின் சில பகுதிகளில் அது நியாயமாகவே தோன்றக்கூடும் என்று பிறகு தெரியவந்தது. 2011-இல் அந்த முத்திரையைக் கைவிட்டு, வரப்போவது இத்தனை பைட் என்று முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லும் முறைக்கு மாறினார்கள். பிரிப்பான் எதுவானாலும் சரக்குக்குள்ளேயும் அது இருக்கக்கூடும் என்பதை நிபுணர்களே ஐந்து வருஷம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள் என்றால், ஓர் இடைவெளியை நம்பி வெட்டுகிற நம் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்வது!

நல்ல வழிகள் இப்போது நிறையத் திறந்திருக்கின்றன. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' 2015 முதல், ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயரோடு சேர்த்து எழுதும் ஜேசான் வடிவில் பதில் தருகிறது; இஃப்கன்ஃபிக்கின் இடத்துக்கு வந்துள்ள 'ஐபி' கட்டளையும் கேட்டால் தருகிறது. பல சர்வர்களை ஒருங்கே நிர்வகிப்பதற்கென்று 2012-இல் பிறந்த ஆன்சிபிள், தன் அங்கங்கள் எல்லாம் ஜேசானிலேயே விடை சொல்ல வேண்டும் என்று விதித்தது. மைக்ரோசாஃப்டின் பவர்ஷெல் 2006-லேயே வரிகளை ஒதுக்கிவிட்டுப் பொருள்களையே கைமாற்றத் துணிந்தது. தொலைவிலிருந்து வரும்போது அந்தப் பொருள்கள் செயல் இழந்து உருவம் மட்டுமாக வந்து சேர்கின்றன என்றாலும், பத்தி எண்ணிப் பார்க்கும் அவஸ்தை அங்கே இல்லை. ஜேசான் கண்ணுக்கு அழகில்லை, பைட்டுகளைத் தின்கிறது என்று பழைய கைகள் சொல்லும் ஆட்சேபத்தில் உண்மை உண்டு. அதற்காகத்தான் குறி சேர்த்தால் ஜேசான், சேர்க்காவிட்டால் பழைய பட்டியல் என்று இரண்டையும் வைத்திருக்கிறார்கள். இந்த வசதி இல்லாத நிரலை வாங்குவதற்கு முன், அரசாங்க டெண்டராயிருந்தாலும் தனியார் ஒப்பந்தமாயிருந்தாலும், யந்திரம் படிக்கும் பதில் உண்டா, அதன் வடிவம் மாறினால் எவ்வளவு முன்னதாக அறிவிப்பீர்கள் என்று இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்பது என் யோசனை. நேர்முகத் தேர்வுகளில் ஐந்தாவது பத்தியை எடுத்துக் காட்டு என்று கேட்பவர்களும், எடுத்துக் காட்டியவரிடம், அது ஐந்தாவதாகவே இருக்கும் என்று உமக்கு யார் சொன்னது என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்.

நடுராத்திரியில் ஒரு சர்வர் திணறும்போது, கைக்கு வந்த கட்டளையை அனுப்பி, வந்ததைக் கைக்கு வந்தபடி பிளந்து பார்க்கிறவரை நான் குறை சொல்லவில்லை. பிளந்தது சரியா என்று பார்க்க அவருடைய கண் எதிரிலேயே இருக்கிறது. அதே வரியை மறுநாள், குறித்த நேரத்தில் தானே ஓடவைக்கும் கிரானில் ஏற்றிவிட்டு அவர் வேறு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறாரே, அங்கேதான் எனக்கு ஆட்சேபம். பழைய சாதனம், வேறு வழியில்லை, பட்டியலைத்தான் பிளந்தாக வேண்டும் என்றால், பிளக்குமுன் சில சோதனைகளையாவது அந்த ஸ்கிரிப்டில் எழுதட்டும்: எஸ்எஸ்எச் திருப்பிய எண் பூஜ்யமா, தலைப்பு வரி எழுத்துக்கு எழுத்து எதிர்பார்த்ததுதானா, ஒவ்வொரு வரியிலும் ஆறு துண்டு தேறுகிறதா, ஐந்தாவது துண்டு எண்ணாகத் தொடங்கிச் சதவிகிதக் குறியில் முடிகிறதா. இவற்றில் ஒன்று தவறினாலும், அட்டவணையில் அந்த சர்வருக்கு நேரே பூஜ்யம் போடாமல், தெரியவில்லை என்று எழுதி, அந்த இரவுப் பணியில் இருக்கிறவரை எழுப்பிவிட வேண்டும்.